கல்யாணம் முடிந்து ஆறு நாள்: அல்சாஸா, மொசெலா, லவோவா?

ஆவணியில் பாரிஸில் ஒரு கல்யாணம். மாமியின் பேத்திக்கு. கொழும்பிலிருந்து மாமி, இவர், மச்சாள், நான் என்று நாலு பேர் போகிறோம். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் இவ்வளவு காசைக் கொட்டிவிட்டு, லாச்சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் சேலைக்கடை பார்த்துவிட்டுத் திரும்பி வருவதா என்று மச்சாள்தான் கதையைத் தொடக்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு ஆறு நாள் கையில் இருக்கிறது. நாங்கள் நாலு பேரும் விடியற்காலையில் சுதந்திரச் சதுக்கத்தைச் சுற்றுகிறவர்கள். அதனால் எங்கேயாவது நடக்கலாம், பஸ்ஸில் ஏற்றி இறக்கிப் படம் பிடிக்க வைக்கிற சுற்றுலா வேண்டாம் என்று முடிவாயிற்று. முந்திரிகைத் (திராட்சைத்) தோட்டங்களுக்குள்ளால் ஊர் ஊராக நடப்பது என்பதிலும் யாருக்கும் மறுப்பில்லை. எந்த நாட்டில் என்பதில்தான் வாக்குவாதம்.

குடிக்கிறவர் எங்களில் ஒருவர்தான், அவரும் ஒரு கிளாஸோடு சரி. பிறகு ஏன் வைன் நாட்டுக்கு என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு மாமி சொன்ன பதில்: “நுவரெலியாவுக்குப் போகிற ஆட்கள் எல்லாம் தேத்தண்ணி குடிக்கவா போகினம்?”

காரணம் அதுதான். முந்திரிகை விளைகிற ஊர்களில் நிலத்துக்கு மதிப்பு அதிகம், கொடி நிற்கும் இடத்தில் லேசில் வீடு கட்ட மாட்டார்கள். ஊர் ஒரு மதிலோடு முடியும், மதிலுக்கு அப்பால் உடனே கொடி. ஒரு பாலமும் வாய்க்காலும் இல்லாவிட்டால் வெள்ளவத்தை எங்கே முடிகிறது, தெகிவளை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத எங்களுக்கு அதுவே ஒரு புதினம். இன்னொன்று, முந்திரிகைக்கு ஆண்டு முழுக்க ஆள் கை வேண்டும். அதனால் ஊர்கள் ஒன்றுக்கொன்று கிட்டவே இருக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தேவாலயக் கோபுரம் தெரியும், அதைக் குறிவைத்து நடக்கலாம்.

மூன்று தெரிவுகள், மூன்றுக்கும் குடும்பத்துக்குள்ளேயே வக்கீல்கள். அல்சாஸுக்குக் கல்யாண வீட்டுப் பாரிஸ்காரர். மொசெலுக்கு ஜேர்மனியில் இருக்கும் இவருடைய சித்தப்பா மகன். லவோவுக்கு, சுவிஸில் லொசானில் இருக்கும் என் தங்கை. முன்பு போன பயணங்களில் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கிறேன் என்பதால் தீர்ப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் அல்சாஸ். பிரான்ஸின் கிழக்கு ஓரம். ஒரு பக்கம் வோஜ் மலை, மறுபக்கம் ரைன் நதி, நடுவே மலையடிவாரத்தில் கோத்த மணி மாதிரி ஊர்கள். மேற்கிலிருந்து வரும் மழையை மலை வாங்கிவிடுவதால் கொல்மார் பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. நடப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும். 1953இல் திறந்த அல்சாஸ் வைன் பாதை, மார்லென்ஹைமிலிருந்து தான் வரை சுமார் 170 கிலோமீட்டர். அது கார்க்காரருக்கான பாதை. நமக்கு வேண்டியது அதற்கு மேலே, கொடிகளுக்கு நடுவே ஓடும் சிறு பாதைகள். 1872இல் தொடங்கிய வோஜ் நடைச் சங்கம் மரத்திலும் கல்லிலும் வண்ணக் குறி போட்டு வைத்திருக்கிறது. குறியைப் பிடித்தால் வழி தவறாது.

பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து கொல்மாருக்கு நேர் ரயில், இரண்டரை மணித்தியாலத்துக்குள். அந்த நிலையத்துக்கு லாச்சப்பலிலிருந்து நடந்தே போகலாம். இடியப்பப் பார்சலோடு அதிவேக ரயில் ஏறுகிற வசதி உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும் என்று பாரிஸ்காரர் வாதாடினார். நியாயமான வாதம்தான்.

ரிபோவில்லேயிலிருந்து ஹுனாவீர், அங்கிருந்து ரிக்வீர். மூன்று ஊரையும் சேர்த்தால் ஐந்து கிலோமீட்டர் அளவு. நாங்கள் காலையில் பால்மாத் தேத்தண்ணிக்கு முன்பு நடக்கிற தூரம். ரிபோவில்லேக்கு மேலே குன்றில் மூன்று இடிந்த கோட்டைகள். ஹுனாவீரில் கொடிகளுக்கு நடுவே, சுற்றிவர அரண் மதில் கட்டிய ஒரு தேவாலயம். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் அந்த ஒரே கோயிலை முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். அதன் மதிலில் சாய்ந்து உட்கார்ந்தால் கீழே ரைன் சமவெளி முழுக்கத் தெரியும். ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் மூச்சு வாங்கவைக்காது.

எனக்கு அல்சாஸில் பிடித்தது வேறொன்று. 1871இல் ஜேர்மனியிடம் போனது, 1918இல் பிரான்ஸுக்குத் திரும்பியது, 1940இல் மறுபடி ஜேர்மனி பிடித்தது, போர் முடிய மறுபடி பிரான்ஸ். ஊர்ப் பெயர்களும் குடும்பப் பெயர்களும் ஜேர்மன் வாடை, பேச்சு பிரெஞ்சு. பெயர்ப்பலகையில் மொழி மாறுவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ரிக்வீரின் மரச்சட்ட வீடுகளைப் பார்த்து எல்லாரும் வியக்கிறார்கள். அதற்கு மிகக் கிட்ட இருக்கும் பென்வீர் 1944இன் கடைசியில் நடந்த சண்டையில் கிட்டத்தட்ட முழுதாக அழிந்து, பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. இரண்டையும் ஒரே நாளில் நடந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்க்கச் சொல்வேன். பென்வீரில் படம் எடுக்க ஒன்றும் இல்லை, ஆனால் ரிக்வீர் எதிலிருந்து தப்பியது என்று அங்கேதான் விளங்கும்.

குறை என்ன? கூட்டம். ரிக்வீரிலும் எகிசைமிலும் பதினொரு மணிக்குச் சுற்றுலாப் பஸ்கள் வந்தால் தேர்த்திருவிழாதான். அப்புறம், இந்தச் சின்ன ஊர்களுக்கு ரயில் இல்லை. கொல்மாரிலிருந்து பஸ், அதுவும் ஞாயிற்றுக்கிழமை நம்ப முடியாது. ஒரு ஞாயிறு ரிக்வீரில் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்தது நாளைக்குத்தான் என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டு சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்மார் வரை டாக்ஸி. அந்தக் காசில் கொழும்பிலிருந்து கண்டிக்கும் போய்த் திரும்பியும் இருக்கலாம்.

எங்கள் திகதிக்கே உரிய சிக்கலும் ஒன்று இருக்கிறது. ஆவணி முகூர்த்தம் என்றால் ஓகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல். வெயில் கூடக்கூட அல்சாஸில் அறுவடை முன்னுக்கு வந்துகொண்டிருக்கிறது, நுரை வைனுக்கான பழத்தை அந்த நாட்களிலேயே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். பறிக்கிற காலத்தில் தோட்டத்துக்குள் போகும் சில பாதைகளை வெளியாட்களுக்கு மூடுவார்கள். ஊருக்கு ஊர் போகும் குறியிட்ட வழி முழுக்க அடைபடாது, ஆனால் போகிற வாரம் சுற்றுலா அலுவலகத்தில் ஒரு சொல் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

அடுத்தது மொசெல். நடை என்றால் உண்மையில் இதுதான் நடை. வோஜ் மலையில் பிறந்து, பிரான்ஸ், லக்சம்பேர்க் தாண்டி, கோப்ளென்ஸில் ரைனோடு சேரும் வரை 544 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. ஜேர்மனிக்குள் அது நேராக ஓடுவதே இல்லை, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். 2014இல் திறந்த மொசெல்ஸ்டைக் என்ற நடைபாதை பெர்ல் என்ற எல்லை ஊரிலிருந்து கோப்ளென்ஸ் வரை 365 கிலோமீட்டர், 24 பகுதி. ஒவ்வொரு பகுதியும் ஒரு நாளுக்கு அளந்தது.

ஆற்றோரச் சரிவெல்லாம் சிலேட்டுக் கல். பகலில் வெயிலைக் குடித்து இரவில் விடுகிற அந்தக் கல்லால்தான் இவ்வளவு வடக்கே ரீஸ்லிங் என்ற வெள்ளை முந்திரிகை பழுக்கிறது. பிரெம் ஊருக்கு மேலே இருக்கும் கால்மொன்ட் சரிவு ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான முந்திரிகைத் தோட்டங்களில் ஒன்று, சில இடத்தில் 65 பாகை. ஏணியும் இரும்புக் கம்பியும் பிடித்துக் கடக்கிற ஒரு பாதை அதற்குள்ளால் போகிறது. நான் பாதி தூரம் போய்க் கீழே பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. இந்தச் சரிவில் இயந்திரம் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சின்னஞ்சிறு வண்டியில் ஆளையும் பழக்கூடையையும் ஏற்றி இறக்குகிறார்கள். வேலைக்கு ஆள் கிடைக்காமல் கைவிட்ட தட்டுகளும் இடையிடையே தெரியும், கொடி நின்ற இடத்தில் முட்புதர்.

மொசெலில் பெரிய சந்தோஷம், முந்திரிகைக் குடும்பங்கள் தங்கள் முற்றத்திலேயே நடத்தும் சின்னச் சாப்பாட்டிடம். ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்பார்கள். சட்டப்படி ஆண்டுக்கு நாலு மாதம்தான் திறக்கலாம், 40 பேருக்கு மேல் இருக்கை போடக்கூடாது. வாசலில் ஒரு பூச்செண்டோ விளக்குமாறோ தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். குடிக்காதவருக்கு அதே தோட்டத்துப் பழரசம் கிடைக்கும். நல்ல கெட்டியாக இருக்கும். எனக்கு யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்துப் பழரசப் போத்தல்கள்தான் ஞாபகம் வந்தன.

பாரிஸிலிருந்து லக்சம்பேர்க் இரண்டு மணித்தியாலச் சொச்சம், அங்கிருந்து ட்ரியர் ஒரு மணித்தியாலத்துக்கு உள்ளே. ட்ரியரில் ரோமர் கட்டிய கறுப்பு வாயில் இன்னும் நிற்கிறது. கார்ல் மார்க்ஸ் 1818இல் பிறந்த வீடும் அங்கேதான், அதைச் சொன்னதும் இவருக்குக் கண் விரிந்தது. செலவு மூன்றிலும் மொசெலில்தான் குறைவு. ஜேர்மனியின் மாத டிக்கெட் எடுத்தால் உள்ளூர் ரயில் பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். ஆனால் அது சந்தா. அந்த மாதம் 10ஆம் திகதிக்குள் நிறுத்தாவிட்டால் அடுத்த மாதமும் காசு பிடிப்பார்கள். வேகமான தூர ரயிலுக்கும் அது செல்லாது.

சித்தப்பா மகன் சொல்லாமல் விட்ட விஷயமும் உண்டு. கோப்ளென்ஸ் - ட்ரியர் ரயில் ஆற்றோடு முழுக்கப் போவதில்லை. புல்லாய்க்கு அப்பால் ஆற்றை விட்டு விலகிவிடும். படத்தில் எல்லாரும் காட்டும் பெர்ன்காஸ்டெலுக்கு ரயிலே கிடையாது, பஸ்தான். அந்த ஊரில் செப்டம்பர் முதல் வார இறுதியில் வைன் திருவிழா, அறை கிடைப்பது கஷ்டம். அதைவிட, பாதை ஒரு கரையில், நிலையம் மறு கரையில் என்றால் பாலம் வரும் வரை நடக்கத்தான் வேண்டும். ஆற்றோரம் தட்டையான சைக்கிள் பாதை இருக்கிறது, முடியாதவர் அதில் நடக்கலாம். ஆனால் மொசெலின் அழகு மேலேயிருந்து வளைவைப் பார்ப்பதில் இருக்கிறது.

மூன்றாவது லவோ. ஜெனீவா ஏரியின் வடகரையில், லொசானிலிருந்து ஷியோன் கோட்டைப் பக்கம் வரை சுமார் 30 கிலோமீட்டர். 11ஆம் நூற்றாண்டில் துறவிகள் வெட்டத் தொடங்கிய தட்டுகள், கல் மதில்கள். 1977இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து இந்தச் சரிவில் வீடு கட்டும் ஆட்களிடமிருந்து காப்பாற்றினார்கள். 2007இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்த்தது. விளைவது பெரும்பாலும் ஷஸ்லா என்ற வெள்ளைப் பழம். சுவிஸ் வைன் நாட்டை விட்டு வெளியே போவது மிகக் கொஞ்சம், தாங்களே குடித்துவிடுகிறார்கள்.

சென் சஃபோரனிலிருந்து லூத்ரி வரை சுமார் 11 கிலோமீட்டர். மஞ்சள் பலகையில் தூரத்தை எழுதமாட்டார்கள், நேரத்தைத்தான் எழுதுவார்கள். தட்டையான நிலத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற கணக்கு. மாமியோடு போனால் பலகை நேரத்தோடு இன்னும் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். வழியில் ரிவா, எபெஸ், கியுய்யி என்று ஊர்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஏரியோரம் ரயில் நிலையம். இதைத்தான் நான் பெரிதாக எடுத்தேன். எந்த ஊரில் போதும் என்று தோன்றுகிறதோ அங்கே இறங்கி ரயில் ஏறலாம். கோடையில் ஏரிப் படகும் உண்டு. பல ஊர்ச் சதுக்கங்களில் கல் தொட்டியில் குடிநீர் விழுந்துகொண்டே இருக்கும், தண்ணீர்ப் போத்தல் வாங்குகிற வேலை இல்லை.

அங்கத்தையவர்கள் லவோவுக்கு மூன்று சூரியன் என்பார்கள். மேலே ஒன்று, ஏரியிலிருந்து தெறிப்பது ஒன்று, கல் மதில் விடுகிற சூடு ஒன்று. பழத்துக்கு நல்லது. ஆனால் நடக்கிறவர் தலையிலும் அந்த மூன்றும்தான் அடிக்கும், நிழல் என்பது பேருக்கும் இல்லை. பாதையும் பெரும்பாலும் கொங்கிரீட், தோட்ட வண்டிக்குப் போட்டது. செலவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தங்கை வீடு இல்லாவிட்டால் லவோவைப் பேச்சுக்கே எடுத்திருக்க மாட்டோம். அப்படி யாரும் இல்லாதவர்கள் லொசானில் அறை எடுத்தால் தங்கும் நாட்களுக்கு உள்ளூர்ப் போக்குவரத்து அட்டை கொடுக்கிறார்கள், அது ஒரு ஆறுதல்.

லவோ முடிகிற பக்கம் இருக்கும் வெவேயில் நெஸ்லேயின் தலைமையகம். நாங்கள் சின்ன வயதிலிருந்து குடித்த நெஸ்டமோல்ட்டின் தலைவாசல் இங்கேதான் என்று மச்சாள் அதற்கு முன்னால் ஒரு படம் எடுக்க வேண்டும் என்கிறாள். சாப்ளின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடும் பக்கத்தில்தான்.

சாப்பாட்டில் மூன்றுமே மாமிக்குச் சோதனை. அல்சாஸின் மெல்லிய தட்டு ரொட்டி பன்றியிறைச்சித் துண்டோடுதான் வரும், இல்லாமல் தா என்று கேட்டு வாங்கலாம். மொசெலில் உருளைக்கிழங்குப் பொரியலிலும் பன்றி ஒளிந்திருக்கும். சுவிஸில் சீஸ் ஃபொண்டு சைவம்தானே என்று தங்கை சொன்னாள். அதைக் காய்ச்சுவது வெள்ளை வைனில் என்பதை மாமிக்கு யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. தங்கை வீட்டில் புட்டு இருக்கும் என்பது லவோவுக்கு விழுந்த கள்ள வாக்கு.

நடக்க முடியுமா என்று பார்க்க ஒரு ஒத்திகை வைத்தோம். கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறிக் கண்டி, அங்கிருந்து ஹந்தானை. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் 300 கிலோமீட்டருக்கு மேல் போகிற பீக்கோ பாதையின் 22 பகுதிகளில் முதலாவது அங்கிருந்து கலஹா வரை. நாங்கள் பாதியில் திரும்பினோம். கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த அம்மா ஒருவர் மாமியைப் பார்த்து, “பஸ் கெடைக்கலீங்களா?” என்று பரிதாபமாகக் கேட்டார். சும்மா நடக்கிறோம் என்று மாமி சொன்னதும் அவர் முகத்தில் தெரிந்ததை என்னால் எழுத முடியவில்லை. அந்தப் பாதை தோட்டத் தொழிலாளர் லயங்களின் வாசலால் போகிறது. காலையில் பல் துலக்குகிறவரைக் கடந்து கமெராவோடு போகக் கூச்சமாக இருந்தது. செலவு, விசா எல்லாம் பார்த்தால் பீக்கோ பாதைதான் எங்களுக்குப் புத்தியான தெரிவு. அட்டைக்கடி ஒன்றுதான் கரைச்சல். அந்த மூன்று இடத்திலும் இப்படிக் காலில் ஏறுகிற அட்டை இல்லை, ஆனால் மொசெல், அல்சாஸ் காட்டோரப் புல்லில் உண்ணி உண்டு. மாலையில் கால் மடிப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹந்தானையில்தான் ஒரு விஷயம் வெளிப்பட்டது. மாமிக்கு 71 வயது. ஏற்றத்தில் எங்களை முந்திவிட்டார். இறக்கத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. சுதந்திரச் சதுக்கம் தட்டை, அங்கே ஐந்து வருடம் நடந்தும் இதை யாரும் கவனித்ததில்லை. அதோடு என் கணக்கு மாறிப்போனது. லவோவின் ரயில் நிலையங்கள் கீழே என்று சந்தோஷப்பட்டேனே, அந்தக் கீழேதான் பிரச்சினை. களைத்த பிறகு கொங்கிரீட் சரிவில் இறங்கித்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். மொசெலில் சிலேட்டுப் படிகளில் இறங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. மூன்றிலும் முழங்காலுக்கு இரக்கம் காட்டுவது அல்சாஸ்தான்.

விசாவும் ஒரு பக்கம் இழுக்கிறது. ஷெங்கன் விசாவுக்கு அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ, அதோடு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி. கல்யாணத்துக்குப் பாரிஸில் ஐந்து இரவு என்பதால், மிச்ச ஆறு நாளில் ஒரு பகுதியாவது பிரான்ஸில் கழிந்தால் பிரான்ஸ்தான். கடைசி ஆறு நாளை வேறு நாட்டுக்கு முழுதாகக் கொடுத்தால் கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கல்யாண அழைப்பிதழை வைத்துக்கொண்டு அந்தச் சிக்கலுக்குள் போக எனக்கு விருப்பமில்லை.

அதனால் மூன்று இரவு கொல்மார், மூன்று இரவு லொசான். கொல்மாரிலிருந்து பாசல் முக்கால் மணித்தியாலம், அங்கே மாறி லொசான். பெட்டி கட்டி இடம் மாறுகிற வேலை ஒரே ஒரு தடவை. அல்சாஸில் முதல் நாள் ரிபோவில்லே - ரிக்வீர், பஸ் ஓடுகிற கிழமை நாளில். அடுத்த நாள் எகிசைம், காலை எட்டு மணிக்கே. லவோவில் நானும் மச்சாளும் சென் சஃபோரனிலிருந்து லூத்ரி வரை முழுதாக நடப்போம். மாமியும் இவரும் ரயிலில் கியுய்யி வந்து ஏரிக்கரையில் எங்களுக்குக் காத்திருப்பார்கள். முழங்கால் நன்றாக இருக்கும் இரண்டு பேர் மட்டும் போவதென்றால் யோசிக்காமல் மொசெல் என்பேன், கொஹெமில் தங்கி நாலு நாள். சித்தப்பா மகனுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறோம், அடுத்த முறை நாங்கள் இருவரும் வருகிறோம் என்று. அவர் நம்பவில்லை.

விசா நேர்முகத்துக்கு இன்னும் மூன்று வாரம். மாமி புதுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் தொடர்மாடியில் பயிற்சி எடுக்கிறார். ஆறாம் மாடிக்கு லிஃப்டில் ஏறிப் படியால் இறங்குகிறார், மறுபடி லிஃப்டில் ஏறிப் படியால் இறங்குகிறார். நேற்றுக் காவலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாமிக்கு ஏதும் மறதி வியாதியா என்று மெதுவாகக் கேட்டார்.